நான் கடித்த கையும் என்னைத் தேடி வந்த கையும்

எனக்குக் கடைசியாகக் கேட்ட சத்தம் எங்கள் வீட்டு மிக்சியின் சத்தம். தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் மிக்சி நின்றுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்தேன். சட்னி முகமெல்லாம் தெறித்தது. மிக்சி நிற்கவில்லை. என் காதுதான் நின்றுவிட்டது.

சபையார் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர் ராணி. திண்டிவனத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. பிறவியிலேயே காது மந்தம். மெஷின் வைத்துக்கொண்டு பத்தாவது வரை படித்தேன். சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு பகலிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கியது. வளையல் அளவுக்கு வந்தது, பிறகு சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது, பிறகு மூடிக்கொண்டது. அப்போதும் நான் உடைந்துபோகவில்லை. மெஷின் வழியாக என் மகள் ஜாஸ்மின் குரல் கேட்டது. கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்த மறுவருடம், கார்த்திகை மாதத்தில், ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. அதற்குப் பிறகு அதுவும் போனது. எனக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. ஜாஸ்மினுக்கு ஆறு.

என் கணவர் சாமுவேல் நெல் அறுவடை மெஷின் ஓட்டுபவர். அறுப்புக் காலத்தில் வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார். அவருடைய தங்கை சுகந்தி எங்களோடு வந்து தங்கினாள். உதட்டைத் தொட்டால் சாப்பாடு. தோளில் துண்டைப் போட்டால் குளியல். கையைப் பிடித்து இழுத்தால் எழுந்து வர வேண்டும். எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்கலாம், பதில்தான் வராது. பத்து மாதத்தில் என்னிடம் வந்த செய்தி அந்த மூன்றுதான்.

எத்தனையோ பேர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் கைகளின் கனம் மட்டுமே தெரிந்தது. யார் ஜெபிக்கிறார்கள், என்ன சொல்லி ஜெபிக்கிறார்கள் என்று தெரியாது. கையை எடுத்ததும் ஆமென் சொல்வேன். சில சமயம் நடுவிலேயே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. கை மறுபடி தலைமேல் வந்து உட்காரும்.

நான் கத்த ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்காததால் எவ்வளவு உரக்கக் கத்தினேன் என்று தெரியவில்லை. ஜாஸ்மின் பயந்துபோனாள். முதலில் பக்கத்தில் படுப்பதை நிறுத்தினாள். பிறகு என் கையைத் தொடுவதையும் நிறுத்தினாள். நான் கையை நீட்டிக்கொண்டு, "பாப்பா, பாப்பா" என்று வீடு முழுக்கத் தேடுவேன். அவள் இருந்தாளா, பள்ளிக்கூடம் போயிருந்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை ஞாயிறு என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், பக்கத்து வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தது. எனக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. சுகந்தி குளிக்கப் போயிருந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். வழி எனக்கு மனப்பாடம். ஆனால் பாதி வழியில் கால்வாய் தோண்டிப் போட்டிருந்தார்கள். மண்மேட்டைச் சுற்றிப் போனேன். பிறகு சுவர் கைக்கு அகப்படவே இல்லை.

தார் ரோடு காலுக்குச் சுட்டது. லாரி போகிற அதிர்வு உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏறியது. பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யார் யாரோ இழுத்தார்கள். ஒருவர் தோளை, ஒருவர் முடியை. தண்ணீர் முகத்தில் ஊற்றினார்கள். எனக்கு அவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா என்று தெரியாது. அப்போது ஒரு ஆண் கை என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, நடுவில் விரலால் கோடு இழுத்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கையை மணிக்கட்டில் கடித்தேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. அப்போதும் நான் விடவில்லை.

இது நடந்தது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எனக்கோ உலகத்தின் வேறு மூலையில் நடந்ததுபோல இருந்தது.

போலீஸ் வந்து, விசாரித்து, என்னை வீட்டில் விட்டார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வாசல் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுகந்திக்கும் இருபத்தாறு வயதுதான். அன்று நான் லாரியில் அடிபட்டிருந்தால் அந்தப் பழியை அவள்தானே சுமக்க வேண்டும்.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்து தடவினேன். என் தட்டில் புடவைகள் இல்லை. உள்பாவாடைகள் இல்லை. தட்டு வழவழவென்று காலியாக இருந்தது. கட்டிலுக்கடியில் தடவினேன். பெரிய பை ஒன்று ஜிப் மூடி இருந்தது. திறந்தேன். எல்லாம் அதில் மடித்து வைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்கூட.

எங்கோ அனுப்பப் போகிறார்கள். எங்கே? ஆஸ்பத்திரிக்கா, என் அம்மா இல்லாத அம்மா வீட்டுக்கா, வேறு எங்காவதா? "எங்க அனுப்பறீங்க சுகந்தி? சொல்லு சுகந்தி" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று புரிந்தது. அழுகை புரிந்தது, விஷயம் புரியவில்லை.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். பத்து மாதமாக நான் கண்ணைக் கேட்டேன், காதைக் கேட்டேன். அன்று கேட்கவில்லை. "ஆண்டவரே, கண் வேண்டாம். காது வேண்டாம். என்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாராவது ஒருவர் எனக்குச் சொல்லட்டும். அது போதும்" என்றேன். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் இந்த ஒரே ஜெபம்தான். சாப்பாடு இறங்கவில்லை. இதைவிடச் சின்ன விண்ணப்பத்தை யாரும் தேவனிடத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது.

என் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். கட்டில் அமுங்கியது. மல்லிகை அத்தர் வாசனை. பெண் கை, மெலிந்தது, விரல் நுனி மட்டும் காய்த்துப்போனது. அந்தக் கை என்னை இழுக்கவில்லை. என் கைக்குப் பக்கத்தில் வந்து, புறங்கையைத் தொட்டுக்கொண்டு, சும்மா இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அது அப்படியே காத்திருந்தது. நானாகப் போய்த் தொட்டேன்.

பிறகு அவர்கள் என் விரல்களை எடுத்துத் தங்கள் முகத்தில் வைத்தார்கள். கண் இமையில் வைத்து, இல்லை என்பதுபோல என் கையை அசைத்தார்கள். காதில் வைத்து, மறுபடியும் இல்லை என்று அசைத்தார்கள். பிறகு என் உள்ளங்கையை விரித்து, ஆள்காட்டி விரலால் மெதுவாக எழுதினார்கள். எனக்கு முதலில் பிடிபடவில்லை. அழிப்பதுபோல உள்ளங்கையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்கள். மூன்றாவது தடவை எழுத்து எழுத்தாக என் மண்டைக்குள் ஏறியது.

நா. னு. ம்.

நானும்.

பத்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு மனுஷி பேசிவிட்டாள். என்ன செய்தேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர்கள் மடியில் விழுந்து கிடந்தேன். என் முதுகில் அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது.

எழுந்ததும் என் வாயால் கேள்விகளாகக் கொட்டினேன். அவர்கள் என் வாயைப் பொத்தி, தங்கள் உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கும் கேட்காது. நானும் எழுத வேண்டும். அத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று அழுதவள், முதல் தடவையாக இன்னொருவர் கையில் பார்த்துப் பார்த்து எழுதினேன். "என்னை எங்க அனுப்பறாங்க?"

அவர்கள் கூட வந்த தங்கை மும்தாஜிடம் வாய்விட்டுக் கேட்டார்கள். மும்தாஜ் சுகந்தியிடம் கேட்டாள். சுகந்தி சொன்னதை மும்தாஜ் தன் அக்கா கையில் எழுத, அக்கா என் கையில் எழுதினார்கள்.

"ஹோமுக்கு. மெட்ராஸ் பக்கம். திங்கக்கிழமை."

என் ஜெபத்துக்கு ஆண்டவர் வார்த்தைக்கு வார்த்தை பதில் கொடுத்துவிட்டார். நான் கேட்டது இதைத்தானே? பதில் கையில் வந்ததும் எனக்கு ஒரு தைரியமும் வந்தது. "நான் போகல" என்று எழுதினேன்.

அவர்கள் சுகந்தியிடம் பேசியதை மும்தாஜ் பின்னால் எனக்குச் சொன்னாள். "ஒரு மாசம் டைம் குடும்மா. அதுக்குள்ள இவங்க உங்ககூட நல்லா பேசிக்கினு இருப்பாங்க. பேசலன்னா நானே வந்து கூட்டிக்கினு போய் ஹோம்ல உடறேன்" என்றார்களாம்.

"நாங்க எவ்ளோவோ பார்த்துட்டோம்க்கா" என்றாளாம் சுகந்தி.

"கையில எழுதிப் பார்த்தீங்களா?"



இவ்வளவு எளிய விஷயம் ஏன் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கே தோன்றவில்லையே. நான் பத்தாவது படித்தவள். துக்கம் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க விடாது.

அவர்கள் ஜாஸ்மினை அழைத்து வரச் சொன்னார்கள். பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து வரவே மாட்டேன் என்றாளாம். மும்தாஜ் கெஞ்சிக் கூட்டிவந்து அவள் விரலை என் உள்ளங்கையில் வைத்தாள். சின்ன விரல். என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாக எழுதினாள். "அம்மா பல்லு உழுந்துச்சி."

"எப்போடா?"

"லீவ்ல."

நான் அவள் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லை. ஒன்று புதிதாக முளைத்து, ரம்பம்போல நெருடியது. என் பிள்ளைக்குப் பல் விழுந்து முளைத்தது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் விரலுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்தது. அன்று முழுக்க அவள் என் கையை விடவில்லை. டீச்சர் பெயர், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, அத்தை உப்புமாவில் உப்புப் போட மறந்தது, எல்லாம் எழுதினாள். கை சிவந்துபோனது.

சாமுவேல் அறுப்பிலிருந்து திரும்பியதும் மகள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துப் பிழையோடுதான் எழுதுவார். அவர் முதலில் எழுதியது, "மண்ணிச்சிடு." இரண்டு சுழி போதும் என்று நான் திருத்தினேன். அவர் நெற்றியை என் கைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

அந்த அம்மா எப்படி எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள்? இதுதான் நான் சாட்சியாகச் சொல்ல வேண்டிய முக்கியமான இடம்.

நான் கடித்தேனே, அந்தக் கை ஆட்டோ ஓட்டுகிற முருகேசன் அண்ணனுடையது. அவர் முன்பு கோட்டக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவர் வண்டியில் ஒரு அக்காவும் தங்கையும் அடிக்கடி ஏறுவார்களாம். அக்காவுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. தங்கை கையில் எழுத எழுத அக்கா சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அன்று ரோட்டில் என்னைப் பார்த்ததும் அவருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. என் உள்ளங்கையில் "வீடு எங்க" என்று எழுதப் பார்த்திருக்கிறார். நான் கடித்துவிட்டேன். ஆண்டவர் பதிலை அனுப்பிய அன்றே நான் அதைப் பல்லால் தள்ளிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேறொருவராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பார். அவர் ஊசி போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு கோட்டக்குப்பம் போய் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். "எங்க ஊர்ல உங்கள மாரியே ஒரு அம்மா இருக்காங்க. பேஜாரா கீது அவங்க நெலம. ஜல்தி வாங்க" என்று கூட்டிவந்தார். நான் முழங்கால் போட்டு ஜெபித்த மூன்று நாளும் அவர் அந்த வீட்டைத் தேடிக்கொண்டிருந்த நாள்கள். பின்னால் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் என் கையில் எழுதினார், "நல்ல பல்லும்மா."

அந்த அக்காவின் பெயர் ஜுலைகா. பன்னிரண்டு வயதில் பார்வை போனது. பார்வையற்றோர் பள்ளியில் பிரெயில் படித்தார்கள். இருபது வயதில் காதும் போனது. என்னைப்போலவே பல மாதம் இருட்டு. அப்போது மும்தாஜ் சின்னப் பெண். ஹேர் கிளிப்புக்காக நடந்த சண்டையில் அக்கா கையைப் பிடித்து "போடி" என்று எழுதினாளாம். "அந்தப் போடிக்காக நான் இன்னிக்கும் அல்லாவுக்கு நன்றி சொல்றேன்" என்று எனக்கு எழுதினார்கள்.

செல்லோடு சேர்த்து வைக்கிற சின்னக் கருவி ஒன்று அவர்களிடம் இருந்தது. செல்லில் வருகிற எழுத்தெல்லாம் அதில் புள்ளிகளாக எழும்பி விரலுக்குத் தட்டுப்படும். அதிலேயே எழுதவும் செய்யலாம். அதை வைத்துத்தான் அவர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். பத்திரிகைகளுக்கும் எழுதினார்கள். பஸ் எந்த ஊரில் திரும்புகிறது என்று உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கும், ஒருவர் பொய் சொல்லும்போது அவர் கை என்ன செய்யும் என்றெல்லாம் அதில் இருக்கும். வாசித்த யாரும் ஐயோ பாவம் என்று சொல்ல முடியாது. எனக்குப் பிரெயில் கற்றுக் கொடுத்தது அவர்கள்தான். எட்டு மாதம் ஆயிற்று. நான் மக்கு. விரலில் அடிப்பார்கள்.

ஒரு அலுவலகத்தில் அவர்களுடைய மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் போனபோது, "காதா கண்ணா, ஏதாச்சும் ஒன்னு சொல்லுங்கம்மா, ரெண்டும் போட எடமில்ல" என்று அதிகாரி சொன்னாராம். அக்கா, "எது வேணும்னு நீங்க எடுத்துக்குங்க சார், மத்தத எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்களாம். அன்று ஆரம்பித்து, விழுப்புரத்தில் திங்கள்தோறும் நடக்கிற குறைதீர்க் கூட்டத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனார்கள். தனக்குக் கிடைத்த பிறகும் போவதை நிறுத்தவில்லை. எந்த ஊரில் கதவைப் பூட்டி யாரை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் மும்தாஜோடு பஸ் ஏறிவிடுவார்கள். என் பெயரில் சான்றிதழ் வந்தது, இந்தக் கருவி வந்தது எல்லாம் அவர்கள் நடந்த நடை.

நம் சபையில் ஒரு சகோதரி என் கையில் எழுதிக் கேட்டார்கள். "நம்ம ஆளுங்க ஒருத்தருக்குமா ஆண்டவர் சொல்லல?" அந்தச் சகோதரிமேல் எனக்குக் கோபமில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் ஜெபித்தபோது யாரை அனுப்ப வேண்டும் என்று ஆண்டவருக்குச் சொல்லவில்லை. அவர் முருகேசன் அண்ணனை அனுப்பினார். ஜுலைகா அக்காவை அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர்களை அனுப்பியவருக்காகத்தான் ஏற்றுக்கொள்கிறோம். அக்கா எங்கள் வீட்டில் இருக்கும்போது தொழுகை நேரம் வந்தால் செல் அதிர்ந்து சொல்லும். சுகந்தி இடம் பெருக்கிக் கொடுப்பாள். அவர்கள் தொழுவார்கள். நான் பக்கத்தில் முழங்கால் போடுவேன்.

போன வருடம் ரம்ஜான் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மும்தாஜ் தனியாக வந்தாள். என் கையை எடுத்தாள், எழுதவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எழுதினாள். "லாத்தா போயிட்டாங்க." அக்காவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போவதற்குள். கோட்டக்குப்பம் போனேன். அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையாவது எழுதினார்கள். அந்தத் தெருவுக்கே அவர்கள் கையில் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டு வாரம் நான் ஜெபிக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன். கொடுத்து ஏன் எடுத்தீர் என்று கேட்கக்கூட மனம் வரவில்லை. அந்த நாள்களில்தான் மும்தாஜ் ஒரு கடிதத்தைப் புள்ளிகளாக எனக்கு அனுப்பினாள். பனமலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அக்கா பெயருக்கு வந்தது. "எங்க அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. இப்ப கண்ணும் போயிடுச்சி. யாரையும் கிட்ட உட மாட்டேங்கிறாரு. நீங்க வருவீங்களா?"

அக்கா வர மாட்டார்கள். நான் போனேன். சாமுவேல் கூட வந்தார்.

அந்த அண்ணன் பெயர் ஏழுமலை. வயது ஐம்பது இருக்கும். நிலக்கடலை விவசாயம், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பள்ளிக்கூடம் போனதே இல்லை, அதனால் கையில் எழுதினால் புரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி அங்கே செல்லவில்லை. முதல் தடவை என்னைத் தள்ளிவிட்டார். முழங்கை சிராய்த்தது. இரண்டாம் தடவை திரும்பி உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் வரும்போது, "ஆண்டவரே, அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்கும் சொல்லிக் கொடும்" என்று ஜெபித்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு, நான் விட்டிருந்த ஜெபம் திரும்பி வந்தது.

மூன்றாம் தடவை எதையும் சொல்ல முயற்சி செய்யவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் புறங்கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். வெயில் முதுகிலிருந்து தோளுக்கு நகர்ந்தது. அவர் எழுந்து போய்விட்டார் என்று அதிர்வில் தெரிந்தது. சரி, கிளம்பலாம் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்தார். என் உள்ளங்கையை விரித்து ஒரு பிடி மல்லாட்டை வைத்தார். பச்சையாகப் பிடுங்கியது, மண் ஒட்டியிருந்தது. அப்புறம் என் கையை என் வாயருகில் தள்ளினார். அவருக்குத் தெரிந்த பாஷையில் என்னைச் சாப்பிடச் சொன்னார்.

நான் சாப்பிட்டேன். அதுதான் எங்கள் முதல் பேச்சு. இப்போது எங்களுக்குள் அறுபது எழுபது சைகை இருக்கிறது, எல்லாம் அவரும் அவர் தம்பியும் நானும் உண்டாக்கியது.

கெடார் பக்கம் எங்களைப்போல இன்னொரு பெண் இருக்கிறாள். மயிலத்துக்கு அருகில் ஒரு குழந்தை இருக்கிறது. திங்கட்கிழமை விழுப்புரம் போகிறேன். ஜாஸ்மினுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவள் என் வாயும் காதுமாக வருவாள். மற்ற நாளில் சுகந்தி வருகிறாள். அன்று ஹோமுக்குப் பை கட்டியவள், இன்று அதிகாரிகளிடம் என்னைவிட உரக்கப் பேசுகிறாள் என்று கேள்வி.

பிரியமானவர்களே, என் கண் திறக்கவில்லை. காது திறக்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று முழு மனதோடு சொல்கிறேன். உங்கள் விண்ணப்பம் ரொம்பச் சின்னது என்று வெட்கப்பட வேண்டாம். அதை அவரிடத்தில் வையுங்கள். பதில் உங்களுக்குப் பழக்கமில்லாத கையில் வந்தால் பயப்படாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் எப்போதும் பூட்டியே இருக்கிற கதவு ஒன்று இருக்கலாம். உள்ளே ஒருவர் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருக்கலாம். அவருக்காக நீங்கள் வீட்டிலிருந்து ஜெபியுங்கள், நல்லது. ஜெபித்து முடித்ததும் எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.